ஊருணிக்குள் ஒரு கேமரா: பிவிசி குழாயில் கட்டிய ஆர்ஓவி, முழு விவரம்

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் குடிநீர் ஊருணி இது. கண்மாய் நிறைந்து வரத்துக்காலில் தண்ணீர் நன்றாக ஓடினாலும், கொஞ்ச காலமாக ஊருணியில் தண்ணீர் ஏறுவது ரொம்ப மெதுவாகிவிட்டது. வரத்துக்கால் கரைக்கு அடியில் கல்தூம்பாக நுழைந்து, படிகளுக்குக் கீழே ஊருணிக்குள் திறக்கிறது. அந்த வாய் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதைப் பார்த்தவர்கள் இப்போது ஊரில் யாரும் இல்லை. சேறு அடைத்திருக்கிறதா, கல் சரிந்து அடைத்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

இரண்டாவது கேள்வி நடுக்கிணறு. கோடையில் ஜேசிபி இறக்கித் தூர் வாருவதாக ஊர்க்கூட்டத்தில் பேச்சு. ஆனால் நடுக்கிணற்றின் சுற்றுச்சுவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, வடகிழக்குப் பருவமழையில் விழுவதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. கூரையில் விழுந்த மழை வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கி, தெருக் கால்வாயில் சேர்ந்து, கண்மாய்க்கும் ஊருணிக்கும் போகிற மாதிரி ஊரையே அமைத்திருக்கிறார்கள். ஊருணிக்கு நாலு பக்கமும் செம்புறாங்கல் படி, நடுவில் ஒரு கிணறு. ஊருணி வற்றினாலும் கிணற்றில் ஊறுவதை மொண்டு கோடையை ஓட்டலாம் என்பது கட்டியவர்களின் கணக்கு. ஜேசிபி வாளி அந்தச் சுவரில் ஒரு தடவை இடித்தால் போதும், கதை முடிந்தது. அடியில் இருக்கும் களிமண் படுகையை ஆழமாகத் தோண்டிவிட்டாலும் பிறகு தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். பார்க்காமல் தூர் வாரக் கூடாது என்று நாங்கள் அடம்பிடித்ததற்கு இதுதான் காரணம்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றால் ஒரு வருஷத் தண்ணீர் போய்விடும். ஆள் இறங்கிப் பார்க்கலாம் என்றால், கலங்கிய தண்ணீரில் சரிந்து நிற்கும் கல்லுக்குக் கீழே கையை விடு என்று யாரிடம் சொல்வது? போர்வெல்லுக்குள் இறக்கும் கேமரா வண்டி இங்கே கிடைக்கும், ஆனால் அது நேராக மேலும் கீழும்தான் போகும், படிக்குக் கீழே பக்கவாட்டில் எட்டிப் பார்க்காது. எனவே தண்ணீருக்குள் நகரும் கருவியையே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். கயிறு போல ஒரு கேபிள் பின்னால் வர, கரையில் உட்கார்ந்து ஓட்டும் இந்த வகைக் கருவியைத்தான் ஆர்ஓவி என்கிறார்கள். நான் மோட்டார் காயில் கட்டுபவன். கூட இருந்தவர்கள் ஒரு பிளம்பர் அண்ணன், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் இரண்டு தம்பிகள்.

இதே மாதிரி கட்ட நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோட்டாருக்குக் காசு எண்ணி வைக்கும் முன் மிதப்பைச் சரி செய்யுங்கள். கருவி தண்ணீருக்குள் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கேமராவில் ஏதாவது தெரிவதும் தெரியாமல் போவதும்.

சட்டமும் மோட்டாரும்

சட்டம் முழுக்க 25 மி.மீ. பிவிசி குழாய், எல்போ, டீ. நீளம் 60 செ.மீ., அகலம் 40, உயரம் 35. குழாய்களில் ஆங்காங்கே துளை போட்டிருக்கிறோம், உள்ளே தண்ணீர் நிறைய வேண்டும் என்பதற்காக. மூடிய குழாய்க்குள் காற்று சிக்கினால் ஒவ்வொரு முறையும் மிதப்பு வேறு வேறாக இருக்கும். பிவிசியில் கட்டுவது விளையாட்டு வேலை என்று சிலர் சொன்னார்கள். 2004இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நீரடி ரோபோ போட்டியில், ஃபீனிக்ஸ் நகரத்துக் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர் பிவிசி குழாயில் கட்டிய கருவி எம்ஐடி அணியையே தாண்டி முதலிடம் வாங்கியது. ஆறு மீட்டர் ஆழத்துக்கு இந்தச் சட்டம் தாராளம்.

மோட்டார் தேர்வில்தான் நிறைய யோசித்தோம். போர்வெல் சப்மெர்சிபிளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் ஓடும் பெரும்பாலான மோட்டார்களுக்குள் தண்ணீர்தான் நிறைந்திருக்கும். காயில் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால் ஷார்ட் ஆவதில்லை. ட்ரோனுக்குப் போடும் பிரஷ்லெஸ் மோட்டாரும் அதே போலத் தண்ணீருக்குள் திறந்தபடியே ஓடும், ஏனென்றால் அதில் இருப்பது வார்னிஷ் பூசிய சுற்று, காந்தம், பேரிங், அவ்வளவுதான், உரசும் கார்பன் பிரஷ் இல்லை. ஆனால் மலிவான கன்ட்ரோலரில் அது மெல்லச் சுற்றாது, ஒரு வேகத்துக்குக் கீழே வெட்டி வெட்டி நிற்கும். எங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, ஊர்ந்து போவது. அதனால் படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப் மூன்று வாங்கி, உள்ளே இருந்த இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, பொம்மைப் படகுக்கான புரொபெல்லரை மாட்டினோம். மோட்டார் ஏற்கெனவே தண்ணீர் புகாமல் அடைத்து வந்திருக்கிறது, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் சுற்றும், சுமை ஏறினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மோட்டார் முன்னும் பின்னும் போகவும் திரும்பவும், ஒன்று மேலும் கீழும் போக.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், அதன் கேமரா, பக்கத்தில் ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கன்ட்ரோலர் பலகை. மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் பலகை எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் பிடிஎஸ் 7960. கரையில் ஒரு லேப்டாப், வீடியோ கேம் ஜாய்ஸ்டிக். இந்தப் பகுதியைத் தம்பிகள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள், எந்தச் சிக்கலும் வரவில்லை, அதனால் இதைப் பற்றி நீட்டவில்லை.

வயர்

வைஃபை அலை தண்ணீருக்குள் ஒரு முழம் தாண்டுவதே கஷ்டம், தண்ணீர் அதை விழுங்கிவிடும். ரிமோட் கார் மாதிரி கம்பியில்லாமல் ஓட்ட வழியே இல்லை. படமும் கட்டளையும் போக ஒரு லேன் கேபிள், 100 மீட்டர் வரை தாங்கும், அதில் பிரச்சினை இல்லை. கரண்ட் எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் பலருடைய கருவி படுத்துவிடுகிறது.

லேன் கேபிளில் மிச்சமிருக்கும் கம்பிகளிலேயே கரண்டும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மெல்லிய கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.084 ஓம். 25 மீட்டர் கேபிள் என்றால் போய்த் திரும்ப 50 மீட்டர், 4.2 ஓம். அதில் 3 ஆம்பியர் ஓட 12.6 வோல்ட் வயரிலேயே விழ வேண்டும், பேட்டரியில் இருப்பதே 12தான். ஒரு மோட்டார்கூட உருப்படியாகச் சுற்றாது. 1.5 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் வயருக்கு மாறினால் 50 மீட்டருக்கு ஏறக்குறைய 0.67 ஓம். மூன்று மோட்டாரும் விளக்கும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும்போது அதிலும் 6.7 வோல்ட் போய்விடும், பாதிக்கு மேல் நஷ்டம்.

அதனால் கரையில் 24 வோல்ட் வைத்து, கருவிக்குள் 12 ஆகக் குறைத்துக்கொண்டோம். அதே 120 வாட் வேலைக்கு இப்போது கேபிளில் ஓடுவது 7 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, விழுவது நாலரை வோல்ட், கருவிக்கு 19 வோல்ட்டுக்கு மேல் வந்து சேர்கிறது. குறைக்கும் கன்வெர்ட்டருக்கு அது போதும். பேட்டரியைக் கருவிக்குள்ளேயே வைத்தால் தடித்த கேபிளே வேண்டாம் என்பது உண்மை, பெரிய கருவிகளில் அப்படிச் செய்கிறார்கள். மூடிய குழாய்க்குள் லித்தியம் பேட்டரியும், ஒருவேளை கசிந்து வரும் தண்ணீரும் ஒன்றாக இருப்பதை நான் விரும்பவில்லை. லெட் ஆசிட் என்றால் ஹைட்ரஜன் வாயு வரும், அது இன்னும் மோசம். படித்துறையில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து, பாசிட்டிவ் முனையை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு வைத்தால் தீர்ந்தது. 230 வோல்ட் லைனைத் தயவுசெய்து தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டு வராதீர்கள், லேப்டாப் சார்ஜருக்காகக்கூட வேண்டாம்.

பம்புக் கடைகளில் கிடைக்கும் சப்மெர்சிபிள் பட்டைக் கேபிள் தண்ணீருக்கென்றே செய்தது, அதையே போடலாமே என்று பிளம்பர் அண்ணன் கேட்டார். போட்டுப் பார்த்தோம். தரமான கேபிள்தான், ஆனால் வளையாமல் விறைத்து நின்று கருவியைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியது. இவ்வளவு சின்னக் கருவிக்கு வளைந்து கொடுக்கிற வயர்தான் சரி.

செம்பு கனம், கேபிள் தானாகவே அடிக்குப் போய்ச் சேற்றில் கோடு போடும். எனவே மீட்டருக்கு ஒரு சின்ன மிதவை கட்டினோம். தொண்டியில் மீன்வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் கெட்டியான மிதவை அது. தெர்மாகோல், மெத்தென்ற ஸ்பாஞ்சு எல்லாம் ஆழத்தில் அமுங்கிச் சுருங்கி மிதப்பை இழக்கும், வலை மிதவை அப்படிச் சுருங்காது. கேபிள் இழுபடும்போது அந்த இழுப்பு சட்டத்தில்தான் விழ வேண்டும், குழாய்க்குள் கேபிள் நுழையும் இடத்தில் ஒருபோதும் விழக் கூடாது. அதற்காக ஒரு கயிற்று முடிச்சைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டோம்.

தண்ணீர் புகாத குழாய்

எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் 110 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுக்குள், 30 செ.மீ. நீளம். முன்னால் 8 மி.மீ. அக்ரிலிக் வட்டம், பின்னால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தோடு திறந்து மூடும் மூடி. ஆறு மீட்டர் ஆழத்தில் அந்த மூடியின் மேல் வெளியிலிருந்து அழுத்தும் விசை ஏறக்குறைய 57 கிலோ, ஒரு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். நல்ல விஷயம் என்னவென்றால், அந்த அழுத்தமே மூடியை இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கும். இந்த மாதிரிக் குழாய்கள் ஒழுகுவது பெரும்பாலும் மூடியில் இல்லை, வயர் நுழையும் துளையில்.

வயரைத் துளை வழியாக விட்டு எம்-சீலை அப்பினால் போதும் என்று நினைப்பார்கள். லேன் கேபிளின் வெளி உறைக்குள் எட்டுக் கம்பிகளுக்கு இடையில் காலி இடம் இருக்கிறது. கேபிளில் எங்கோ ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே ஓடி, எம்-சீலுக்கு உள்ளேயே, குழாய்க்குள் வந்துவிடும். அதனால் துளைக்குள் இருக்கும் பகுதியில் வெளி உறையை முழுக்க உரித்து, கம்பிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் எப்பாக்ஸி சுற்றிப் பிடிக்கிற மாதிரி ஊற்ற வேண்டும். ஃபிளெக்சிபிள் வயரில் நூல் நூலாக இருக்கும் செம்பு இழைகளுக்கு இடையிலும் தண்ணீர் ஏறும். அங்கே உறையைக் கொஞ்சம் நீக்கி ஈயப்பற்று வைத்து இழைகளை ஒரே கட்டியாக்கிவிட்டு அதன் மேல் எப்பாக்ஸி ஊற்றினோம். காயில் கடையில் லீடு ஜாயின்ட் போட்டுப் பழகிய கைக்கு இது வழக்கமான வேலை.

மூடியதும் நேரே தண்ணீரில் போடாதீர்கள். பிரேக் ஆயில் இழுக்கும் கைப்பம்பு மெக்கானிக் கடைகளில் இருக்கும், அதில் மீட்டரும் இருக்கும். குழாயில் ஒரு சின்ன வால்வு வைத்து உள்காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு, கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தண்ணீர் புகாது என்று நம்பி இறக்கலாம். இதையும் மீறிக் கசிந்தால் தெரிவதற்கு, குழாயின் அடியில் உறை நீக்கிய இரண்டு கம்பி நுனியை வைத்து ஆர்டுயினோவோடு இணைத்தோம், ஒரு சொட்டு பட்டாலும் திரையில் எச்சரிக்கை வரும். பக்கத்தில் ஒரு சானிட்டரி நாப்கின். சொன்னேனே, அந்த ஃபீனிக்ஸ் மாணவர்கள், அவர்களுடைய கருவி கசிந்தபோது மாதவிடாய்க்கு வைக்கும் உறிஞ்சு பஞ்சை உள்ளே வைத்துத்தான் போட்டியை முடித்தார்கள். அருமையான யோசனை, அப்படியே எடுத்துக்கொண்டோம்.

நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு தொல்லை உண்டு. மத்தியானப் புழுக்கத்தில் குழாயை மூடினால் உள்ளே மாட்டிய ஈரக்காற்று, தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து அக்ரிலிக் கண்ணாடியில் ஆவியாகப் படியும், படம் முழுக்க வெள்ளை. வாணலியில் வறுத்துக் காயவைத்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டபின் அது நின்றது.

துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறை. அவர்கள் பாடமாகச் சொல்வதை ஒரு பக்கெட் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம்: அலுமினியப் பட்டியை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்கித் தண்ணீரில் விட்டால் அலுமினியம்தான் அரிக்கும். தண்ணீரில் திறந்து கிடக்கும் பாசிட்டிவ் செம்பு நுனி என்றால் கண்ணெதிரிலேயே பச்சை பூத்துக் கரையும். எங்கள் கருவியில் அலுமினியம் எங்கேயும் இல்லை, நட்டு போல்ட் எல்லாம் ஒரே வகை ஸ்டெயின்லெஸ், தண்ணீருக்குள் ஒரு ஜாயின்ட் கூடத் திறந்து இல்லை.

மிதப்பு

அந்தக் குழாய் ஒதுக்கும் தண்ணீர் 2.85 லிட்டர், அதாவது அது மட்டுமே 2.85 கிலோவை மேலே தூக்கும். உள்ளே இருக்கும் சாமான் அவ்வளவு கனமில்லை. அதனால் குழாயைச் சட்டத்தின் உச்சியிலும் எடைகளை அடிச்சட்டத்திலும் வைத்தோம். தூக்குவது மேலே, கனம் கீழே. இரண்டுக்கும் இடையே இடைவெளி கூடக் கூட கருவி சாயாமல் நிற்கும், மோதினாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். கேமராப் படம் ஆடாமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

எடைக்கு முதலில் வாங்கியது வலை ஈயக் குண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “தம்பி, குடிக்கிற தண்ணிக்குள்ள ஈயத்தையா விடப் போறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெரிய ஸ்டெயின்லெஸ் நட்டுகளைக் கோத்தோம். ஊருணிப் படியில் செருப்போடு இறங்கக் கூடாது, வேறு எந்தக் குளத்திலும் போட்ட கருவியைக் கழுவிக் காயவைக்காமல் இதில் விடக் கூடாது, வெளியில் கிரீஸ் தெரியக் கூடாது என்பவை ஊர்ப் பெரியவர்கள் போட்ட மற்ற நிபந்தனைகள். இரண்டாவது நிபந்தனையால் ஆகாயத்தாமரைத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து ஊருணியை மூடும் ஆபத்தும் போயிற்று. நாங்களாக யோசித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம்.

எவ்வளவு எடை போடுவது? கருவி தண்ணீரில் தன் பாட்டுக்கு விட்டால் மிக மெல்ல மேலே வர வேண்டும், அவ்வளவு. கரண்ட் போனால் தானே மிதந்து வரும் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சேறு. கொஞ்சம் மிதக்கிற கருவியை அடியில் நிறுத்த அதைக் கீழே தள்ள வேண்டும், அப்போது புரொபெல்லர் தண்ணீரை மேலே தள்ளும், அடிச்சேறு அசையாது. கொஞ்சம் மூழ்குகிற கருவியாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், புரொபெல்லர் தண்ணீரைக் கீழே அடிக்கும், செம்மண் வண்டல் கிளம்பி அரை மணிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கைப்பிடி நட்டு கூடுதலா குறைவா என்பதில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது. எத்தனை வாட் மோட்டார் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது. இந்தக் கருவியை நாளைக்கே தொண்டிக் கடலுக்குக் கொண்டுபோனால் மறுபடி எடை சேர்க்க வேண்டியிருக்கும், உப்புத் தண்ணீர் 2.5 சதவீதம் கனம் அதிகம் என்பதால் 10 லிட்டர் ஒதுக்கும் கருவிக்குக் கால் கிலோ.

ஆச்சி வீட்டுக் கிணறு

முதல் சோதனைகளை எங்கள் தெரு ஆச்சி வீட்டுக் கிணற்றில் செய்தோம். தெளிந்த தண்ணீர், செம்புறாங்கல் சுவர், மேலிருந்து பார்த்தாலே கருவி தெரியும், இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. அங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது: மேலே கீழே போகும் மோட்டார் ஒன்றே ஒன்று என்பதால், அது ஒரு பக்கம் சுற்றும்போது கருவி மெல்ல எதிர்ப்பக்கம் சுற்றியது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு மோட்டார் போடுவது முறையான தீர்வு, ஆனால் கேபிளில் இன்னும் 3 ஆம்பியர் ஏறும். அதற்குப் பதிலாக ஒரு கைரோ சிப் வைத்து, சுழற்சி தெரிந்ததும் பக்க மோட்டார்கள் தானே எதிர்த்துத் தள்ளும்படி தம்பிகள் புரோகிராம் எழுதினார்கள். அதன்பின் கருவி பார்த்த திசையிலேயே நின்றது.

ஒரு தடவை கேபிள் பழைய உருளைக் கம்பியில் சிக்கிக்கொண்டு கருவி அடியிலேயே நின்றுவிட்டது. ஆச்சி உள்ளே போய்ப் பாதாளக் கரண்டியை எடுத்து வந்து, “இதப் போட்டு மெதுவா இழுங்கப்பா, குடம் விழுந்தா இதுலதான் எடுப்போம்” என்றார்கள். எடுத்துவிட்டோம். கேபிள் சிக்குவது பெரிய கருவிகளுக்கும் உண்டு. 1966இல் ஸ்பெயின் கடலில் விழுந்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டை ஏறக்குறைய 870 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தபோது, எடுக்கப் போன கர்வ் என்ற ஆர்ஓவியே குண்டின் பாராசூட்டில் மாட்டிக்கொண்டது, இரண்டையும் சேர்த்துத்தான் மேலே இழுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் விதி, ஓட்டுபவர் ஒருவர் என்றால் கேபிளுக்கென்றே இன்னொருவர், அவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது.

கலங்கல்

கிணற்றில் அழகாகத் தெரிந்த படம் ஊருணியில் ஒரே செம்பழுப்பாக இருந்தது. விளக்கைக் கூட்டினால் இன்னும் மோசம். மூடுபனியில் ஹை பீம் போட்ட மாதிரி, மிதக்கும் துகள் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பிக் கேமராவுக்கே அடித்தது. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த எல்இடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் கைநீளத்துக்குக் குழாய் நீட்டி, நுனியில் சாய்வாக மாட்டினோம். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அணைகளின் சுவரைப் பார்க்கிறவர்கள் செய்கிற ஒரு வேலை கைகொடுத்தது. கேமராவுக்கு முன்னால் கூம்பு மாதிரி ஒரு அக்ரிலிக் பெட்டி, அதற்குள் தெளிந்த தண்ணீர். பெட்டியின் முன்முகத்தைக் கல்லோடு ஒட்டி வைத்தால் கேமராவுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது பெட்டித் தண்ணீர் மட்டும்தான், வெளியே எவ்வளவு கலங்கியிருந்தாலும் கவலை இல்லை. கேன் தண்ணீரை ஊற்றி, குமிழி இல்லாமல் மூடினோம். தண்ணீருக்குள் தண்ணீர் என்பதால் பெட்டி மிதப்பையும் பெரிதாகக் கெடுக்கவில்லை, இரண்டு நட்டைக் கழற்றியதோடு சரி. தெரிவது ஒரு தாம்பாளத் தட்டு அளவு இடம்தான். ஆனால் அந்த அளவுக்குள் செம்புறாங்கல்லின் துளைகள்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

தாம்பாள அளவில் பார்த்துக்கொண்டு போனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதே? ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது, மோட்டார் காந்தங்களுக்குப் பக்கத்தில் திசைகாட்டியையும் நம்ப முடியாது. மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிற்றைப் படியிலிருந்து படிக்குக் குறுக்கே கட்டி, கல் தொங்கவிட்டு அடியில் தாழ்த்தினோம். கருவி கயிற்றைப் பிடித்தபடி போகும், முடிச்சை எண்ணிக்கொண்டே வந்தால் இடம் தெரிந்துவிடும். ஆழத்துக்கு ஒரு அழுத்த சென்சார்.

ஊருணியில் பார்த்தது

தூம்பு வாயில் சேறு இருந்தது, ஆனால் அடைப்புக்குக் காரணம் அது இல்லை. மேலே கிடந்த மூடுகல் ஒரு பக்கம் சரிந்து, வாயின் பெரும்பகுதியை மறைத்துக்கொண்டு நின்றது. கல் சரிந்ததற்குக் காரணமும் தெரிந்தது: படியிடுக்கில் முளைத்த அரச மரத்தின் வேர் ஒன்று கல்லுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மிச்சமிருந்த சந்தில் பிளாஸ்டிக் பைகள். பையை விலக்க முடியுமா என்று மெல்லத் தள்ளிப் பார்த்தபோது உள்ளே இருந்து ஒரு விரால் வந்து கண்ணாடியை உரசிவிட்டுப் போனது. கரையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. அதன்பின் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் தங்கள் ஊருணியின் அடியைத் தாங்களே பார்த்துவிட்டார்கள்.

நடுக்கிணறு ஊருணியின் சரியான நடுவில் இல்லை, தெற்கே தள்ளி இருந்தது. சுற்றுச்சுவர் வண்டலுக்கு மேலே ஒரு முழம்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வடபுறம் மேல்வரிசைக் கற்கள் விழுந்திருந்தன, மற்றபடி சுவர் முழுசாக நின்றது. ஜேசிபி வாளி எந்த இடத்தில் இறங்கும் என்று பேசியிருந்தார்களோ, சுவரின் ஒரு பக்கம் அதற்குள்ளேயே இருந்தது. இரண்டு படிமூலைகளிலிருந்து டேப் பிடித்து இடத்தைக் குறித்து, கொத்தனார் கையாலேயே படியில் அடையாளம் வெட்டிவிட்டோம்.

ஊருணியை இறைக்கவில்லை. கோடையில் தண்ணீர் தானாகத் தாழ்ந்ததும் முக்காலி நட்டு, செயின் பிளாக்கில் மூடுகல்லைத் தூக்கி நேராக உட்கார வைத்தார்கள், வேரையும் வெட்டி எடுத்தார்கள். தூர் வாரும்போது அடையாளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் ஜேசிபி வரவில்லை, மண்வெட்டியும் சட்டியும்தான். களிமண் தெரிந்ததும் நிறுத்தச் சொல்லியாயிற்று. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது தூம்பு வாய்க்கு நேர் மேலே தண்ணீர் சுழித்துக்கொண்டு வருவது படியிலிருந்தே தெரிந்தது.

செலவும் அடுத்த வேலையும்

கரையில் இருக்கும் பேட்டரி, லேப்டாப் நீங்கலாக முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. அதில் அதிகம் விழுங்கியது ராஸ்பெர்ரி பையும் பம்புகளும். சட்டம், குழாய், எப்பாக்ஸி எல்லாம் ஹார்டுவேர் கடைச் சாமான், ஒரு எல்போ உடைந்தால் அடுத்த தெருவில் வாங்கி மாட்டலாம். சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரோசப் 6000 என்ற ஆர்ஓவி 2010இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை போய் வந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் எந்த ஒப்பீடும் கிடையாது. ஆனால் கேபிளில் வோல்ட் விழுவதும், கனம் கீழேயும் மிதப்பு மேலேயும் இருக்க வேண்டியதும் இரண்டுக்கும் ஒன்றுதான், எனவே இதில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அங்கே போனாலும் வேலை புரியும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊருணியையும் பார்த்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். அங்கே தாமரை அடர்த்தி, தண்டு புரொபெல்லரில் சுற்றும். மூன்று மோட்டாருக்கும் கம்பி வலைக் கூடு போட்டு, கூட்டுக்குள் தண்ணீர் இழுப்பு எவ்வளவு குறைகிறது என்று இப்போது ஆச்சி வீட்டுக் கிணற்றில் ஸ்பிரிங் தராசு கட்டி அளந்துகொண்டிருக்கிறோம்.